மடியில் வைக்கிற தட்டு

போர்வையைத் தூக்கியபோது மாமியாரின் நைட்டியும் கூடவே எழுந்து வந்தது.

"ஐயோ, இழுக்காதே, விடு விடு!" என்று கத்தினாள் கீழ்வீட்டுக்காரி. எந்தச் சேதியும் அவள் வாயில் தங்காது என்பதால் தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பேர். மருமகள் போர்வையை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். போர்வையின் ஓரப்பட்டையோடு தன் நைட்டியையும் சேர்த்துத் தைத்து வைத்திருந்தாள் மாமியார். ஏதோ ஒரு தையல் தவறி மாட்டிக்கொண்டதல்ல, ஒரு முழங்காலில் தொடங்கி மறு முழங்கால் வரை ஓடியிருந்தது.

காலையில் தையல் அறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போயிருந்தாள். ஊசி விரலிடுக்கில் இருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இதயம் நின்றுவிட்டது என்று சொல்லிப் போனார். மகன் அம்மாவைப் போர்வையோடு சேர்த்துத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்தினான். மத்தியானம் வண்டி வந்துவிடும். அதற்குள் உடம்பைத் துடைத்து உடை மாற்ற வேண்டும்.

"கத்தரிக்கோலால வெட்டிடலாமே," என்றாள் ரேடியோ.

"போர்வையில கத்தரிக்கோல் படக் கூடாது," என்று நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "அது எங்கம்மா எனக்குன்னு தெச்சது."

"போன மாசத்துதும் உனக்குத்தானே?"

"இந்த நேரத்துலயும் உங்களுக்குக் கணக்குத்தானா அண்ணி?"

மருமகள் வாயை மூடிக்கொண்டாள். செத்தவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சண்டை போட்டாள் என்று ரேடியோ ஊர் முழுக்க ஒலிபரப்பிவிடும்.

கணக்கு இருக்கத்தான் செய்தது. வீட்டின் மூன்றாவது அறையை மாமியாரின் தையல் மெஷினும் துண்டுத் துணிகளை இணைத்துப் பாதியில் விட்ட ஒட்டுப் போர்வைகளும் அடைத்துக்கொண்டிருந்தன. மருமகள் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். அவளுடைய கம்ப்யூட்டர் சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடிக்கும் தண்ணீர் ஜாடிக்கும் நடுவில் குடியிருந்தது. ஒருநாள் அவள் போனில் பேசிக்கொண்டிருக்கையில் உள்ளே மெஷின் தடதடக்க, "ரயில்ல போறீங்களா?" என்று மேலதிகாரி கேட்டார். அன்று சாயங்காலம் அவள் பொறுமை போய்விட்டது.

"ஆரம்பிக்கிறதோட சரி. ஒரு போர்வையாவது முடிச்சிருக்கீங்களா அத்தை? கந்தல் மூட்டைக்கு ஒரு ரூம் இருக்கு, எனக்கு உக்கார இடமில்ல."

மாமியார் கண்ணாடியைக் கழற்றி நிதானமாகத் துடைத்தாள். "மாசம் ஒண்ணு முடிக்கிறேன். வருஷக் கடைசியில இந்த ரூம்ல ஒரு அரைகுறை கெடந்தாலும் ரூம் உனக்கு. எல்லாம் முடிஞ்சிருந்தா, அப்புறம் ரூம்னு நீ வாயத் தொறக்கக் கூடாது."

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. மாதாமாதம் முடித்த போர்வையைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர் மேலேயே விரிப்பாள். "நல்லாப் பாத்துக்கோ." பிறகு அதை யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடுவாள். மகளுக்கு, ரேடியோவுக்கு, தபால்காரருக்கு. ஒன்று காவல்காரர் வளர்க்கும் நாய்க்குக்கூடப் போயிற்று. மருமகளுக்கு ஒரு கைக்குட்டை அளவு துண்டுகூடக் கிடைக்கவில்லை.

மருமகளும் லேசுப்பட்டவள் இல்லை. மெஷின் ஓடும்போது பார்த்து மெயின் ஸ்விட்சை அணைப்பாள். மாமியார் அசரவில்லை, கையால் தைக்க ஆரம்பித்தாள். அப்போது மடியில் ஒரு தட்டை வைத்துக்கொள்வாள், உடுத்தின துணியையும் சேர்த்துத் தைத்துவிடாமல் இருக்க. "தட்டில்லாம மடியில வெச்சுத் தெக்கிறவ மடச்சி," என்பாள். அது சமையலறைத் தட்டு. நேற்று ஏதோ வாய்த்தகராறில் மருமகள் அதைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது அந்தத் தட்டில்தான் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு டீ போய்க்கொண்டிருந்தது.

"நானே பிரிக்கிறேன்," என்று மருமகள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

தையல் பொடிப்பொடியாக, பிடிவாதமாக இருந்தது. எதுவும் சுலபமாக விட்டுக்கொடுக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கிளப்பிக்கொண்டு போனவள், கடைசியில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டதும் நின்றாள். இரட்டை முடிச்சு. நூல் அதற்குமேல் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. காலையில் அந்த விரல்களிலிருந்து ஊசியை எடுத்தவளும் அவள்தான். ஊசியில் நூல் இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

அறையில் மிச்சமிருந்த கடைசி அரைகுறை இதுதான். முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

முடிச்சைப் பிரிக்காமல் போர்வையும் வராது, நைட்டியும் வராது. பிரித்தாள். போர்வை தனியே வந்தது. ஓரம் பிளந்து, உள்ளே இருந்த பஞ்சு வெளியே எட்டிப் பார்த்தது.

கணவன் உள்ளே வந்து அதைப் பார்த்தான். "பாவம், முடிக்காமலே போயிட்டாங்களா?"

"முடிச்சிட்டாங்க. நான்தான் இப்பப் பிரிச்சேன்."

"நல்லா வசதியாத்தான் பிரிச்சிருக்கீங்க," என்றாள் நாத்தனார். "அண்ணா, உன் பெண்டாட்டி ஜெயிச்சாச்சு. மெஷினை இன்னிக்கே வெளியே தூக்கிப் போடு."

"சும்மா இரு," என்றான் அவன். ஆனால் அவன் கண் ஒரு நொடி தையல் அறைப் பக்கம் போய் வந்ததை மருமகள் பார்த்தாள். அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. பிணத்திடமிருந்து பிடுங்கிய அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க அவள் என்ன கழுகா?

உடம்பைத் துடைத்து, உடை மாற்றி, தலை வாரிவிட்டார்கள். அது முடிந்ததும் மருமகள் போர்வையைச் சுருட்டிக்கொண்டு தையல் அறைக்குப் போனாள். மாமியாரின் நாற்காலியில் உட்கார்ந்தாள், மாமியாரின் ஊசியில் நூல் கோத்தாள். பட்டன் தைப்பதற்கு மேல் அவளுக்குத் தெரியாது. தையல் எட்டி எட்டிக் கோணலாக விழுந்தது.

"செத்தும் என்னைத்தான் வேலை வாங்கறீங்க," என்றாள் சத்தமாக. "என் தட்டை நான் எடுத்தா, கூப்பிட்டுக் கேக்கறதுக்கென்ன? வாய் இல்லியா உங்களுக்கு?"

பதில் வரவில்லை. இந்த வீட்டில் அவள் சொன்ன எதற்கும் பதில் வராமல் இருந்ததே இல்லை. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நாளைக்குக் காலையில் எழுந்து யாரோடு மல்லுக்கட்டுவது என்கிற ஆத்திரம். ஊசியை அழுத்தி அழுத்திக் குத்தினாள். பிளந்த இடம் மூடியதும் இரட்டை முடிச்சு போட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

"அண்ணி, வண்டி வந்தாச்சு," என்று நாத்தனார் கதவருகே வந்து நின்றாள்.

மருமகள் எழுந்தாள். போர்வையும் அவளோடு எழுந்தது. சுடிதாரோடு சேர்ந்து, ஒரு முழங்காலிலிருந்து மறு முழங்கால் வரை.

நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள்.

மருமகள் அதை வாங்கவில்லை. போர்வையை இரண்டு கையாலும் அள்ளி வயிற்றோடு அணைத்துக்கொண்டு, தடுக்காமல் இருக்கச் சின்னச் சின்ன அடியாக வைத்துக் கூடத்துக்கு நடந்தாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் காலை மடக்கி அவளுக்கு வழிவிட்டார்கள்.