குளிர் அறையின் ஏசி

மேடையில் பேசச் சொன்னால் துணை இயக்குநரை மிஞ்ச ஆளில்லை. பருவநிலைத் துறையில் அவருக்கு மேடைப்புலி என்றே பெயர். புகையை விட்டது நீங்கள், வெயிலில் வேகிறது நாங்கள், அதற்கு வழி செய்வது உங்கள் கடமையே தவிர தானம் இல்லை என்று மாநாடுகளில் பணக்கார நாட்டுக்காரர்களை வறுத்தெடுப்பார். சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர்களும் ஒருவழியாக இறங்கி வந்து, தகரக்கூரைத் தெருக்களுக்குப் பொதுக் குளிர் அறைகள் கட்டித் தந்தார்கள். வெயில் தாங்காதவர் யாரும் பகலில் போய் உட்காரலாம்.

அதில் ஒன்று அவருடைய அக்கா வீட்டுத் தெருமுனையிலேயே இருந்தது. திறப்பு விழா முடிந்த கையோடு, காவலாளி போட ஆணை வரவில்லை என்று பூட்டிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து துணை இயக்குநரின் அறை ஏசி படுத்துக்கொண்டது. புதிதுக்கு எழுதிப்போட்டால் எந்தக் காலத்தில் வரும்?

"பூட்டிக் கெடக்கற குளிர் ரூம்ல ஒண்ணு சும்மாதானே சார் இருக்கு. தற்காலிகமா மாட்டிக்கலாம்" என்றார் எலக்ட்ரீஷியன்.

இவரும் தலையை ஆட்டிவிட்டார். தற்காலிகம் என்பது அரசாங்கத்தில் எவ்வளவு நீளம் என்று தெரியாதா என்ன! 'பொதுமக்கள் பயன்பாட்டுக்கு' என்ற நீலச் சீட்டு ஏசியின் மேல் அப்படியே இருந்தது. அதைக் கிழிக்க அவருக்குத் துணிச்சல் இல்லை. நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

நிதி தந்தவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்றதும் ஏசி காலையிலேயே பழைய சுவருக்குப் போய்ச் சேர்ந்தது. தெருவிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். முதல் வரிசையில் அக்கா. அவள் கணவர் வெல்டர். வேலை செய்கிற இடத்தில் வெயிலில் சுருண்டு விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து இப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். இன்னொரு முறை சூடு ஏறினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"இதக் கொண்டு வந்தது என் கூடப் பொறந்த தம்பிங்க" என்று அக்கா வந்தவர்களிடம் பெருமை பொங்கச் சொன்னாள். அவர்கள் அக்காவையும் தம்பியையும் சேர்த்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். துணை இயக்குநருக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

"ஒருவழியா தொறந்துட்டீங்க. நாளைக்கும் இருக்கும்ல? உங்க மாமாவக் கூட்டிட்டு வரேன். தகரத்துக்கு அடியில அவரு படற பாட்டப் பாக்க முடியல."

"இருக்கும்க்கா."

சொல்லிவிட்டு, வந்தவர்களை வழியனுப்பப் போனார்.

வந்தவர்களின் கார்கள் கிளம்பின. எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்து நின்றார். "ஏசிய நம்ம ரூமுக்கே கொண்டு போயிடலாமா சார்?"

வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். ஆனால் மறுநாள் அவர் அறையில் அமைச்சரோடு கூட்டம். "நாளைக்கு மட்டும் இருக்கட்டும். அப்புறம் இங்கயே மாட்டிடலாம்" என்றார். அக்கா நாளைக்கே எங்கே வரப்போகிறாள் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். புலியாம் புலி.

மறுநாள் அமைச்சர் எழுந்து போன சற்றுநேரத்தில் போன் அடித்தது.

"தம்பி, இங்க பூட்டியிருக்குடா. காவக்காரர் சாப்பிடப் போயிட்டாரு போல. பாவம், அவரத் திட்டிடாத. உங்க மாமாவுக்குத்தான் நடந்து வந்ததுல தலை சுத்துதாம், படியில சாஞ்சு உக்காந்திருக்காரு."

"இதோ நானே வரேன்க்கா."

"நீ எதுக்கு? உன் ரூம்ல ஏசி ஓடற சத்தம் போன்ல இங்க வரைக்கும் கேக்குது. நல்லா இருடா. இந்த வெயில்ல நீ அலையாத. சாவிய மட்டும் யார்கிட்டயாவது குடுத்து விடு, போதும்."

மாநாடுகளில் யார் யாரையோ திட்டிய அத்தனை வார்த்தையும் இப்போது அவர் பக்கம் திரும்பி நின்றது. வெட்கத்தில் காது மடல் எரிந்தது, அந்தக் குளிரிலும்.

சாவி இழுப்பறையில்தான் இருந்தது. யாரிடம் கொடுத்தனுப்பினாலும் கதவு திறக்கும். உள்ளே ஏசி இருந்த சுவரில் ஓட்டையைத்தான் அக்கா பார்ப்பாள்.