நட்சத்திரம் விடுபட்ட பெட்டி

டயட் பிஸ்கட் கம்பெனியில் பெட்டிக்கு வாசகம் எழுதுபவர் நாற்காலியோடு தரையைப் பெயர்த்துக்கொண்டு இறங்கிய அன்று அவருடைய எடை நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. சட்டை அளவு மட்டும் பழைய முப்பத்தெட்டுதான்.

காரணம் ஒரு நட்சத்திரக் குறி. பதினோரு வருடமாக அவர் எவ்வளவு புளுகினாலும் வரியின் வாலில் ஒரு நட்சத்திரம் போட்டு, பெட்டிக்கு அடியில் எறும்பு எழுத்தில் ‘பலன் ஆளுக்கு ஆள் மாறுபடும்’ என்று சேர்த்துவிடுவார். அது இருந்தவரை எவருக்கும் ஒரு கிராம் குறைந்ததில்லை. எவரும் கேட்டதுமில்லை. இந்த முறை வெள்ளோட்டமாக எழுபது பெட்டி அச்சடித்தார்கள். படத்திலிருந்த பெண்ணின் இடுப்பை இன்னும் ஒடுக்கிய அவசரத்தில் நட்சத்திரம் விடுபட்டு, ‘ஒரு பெட்டிக்கு ஐந்து கிலோ குறையும்’ என்று மொட்டையாக வந்துவிட்டது. தின்ற அறுபத்தொன்பது பேருக்கும் கறாராகக் குறைந்தது. குறைந்த எடை எங்கேயாவது போக வேண்டுமே? எழுதியவர் தலையில் விடிந்தது. மேனேஜர் அவருக்கு இரும்பு நாற்காலி வரவழைத்தார். “கொஞ்சம் பொறுத்துக்கோங்க சார், இதையே லட்சம் பெட்டி அடிச்சுருவோம்” என்றார்.

எழுபதாவது பெட்டியை அவரே வீட்டுக்குக் கொண்டுபோய் ஃபிரிட்ஜ் மேல் வைத்து மறந்திருந்தார். செவ்வாய்க்கிழமை மதியம் அவருடைய இடது தோளில் புதிதாக ஒரு எடை வந்து உட்கார்ந்தது. மற்ற எடைகளெல்லாம் மூட்டை மாதிரி விழுந்தவை. இது மட்டும் கால்களைத் தொங்கப்போட்டு, அவர் தலையில் மோவாயை ஊன்றியது. ஐந்து வயதுவரை அங்கே அப்படி உட்கார்ந்தவள் ஒருத்திதான். “ஐயோ, என் பொண்ணு!” என்று ஓடினார். மாடிப்படியில் நான்கு உடைந்தன.

பதினைந்து வயது மகள் கட்டிலில் துணி மாதிரி கிடந்தாள். ஏற்கெனவே குச்சி. பெட்டியில் இரண்டு பிஸ்கட்தான் மிச்சம்.

“உனக்கு எதுக்குடி இது?”

“படத்துல இருக்கறவ மாதிரி ஆகணும்ப்பா. இன்னொரு பெட்டி கொண்டு வாங்க.”

“அதெல்லாம் நான் சும்மா இட்டுக்கட்டினதுடா கண்ணு.”

“பொய்யா எழுதுவீங்களா நீங்க?”

பாவி மனுஷனுக்கு நானூறு கிலோவைவிட அது கனத்தது. பேனாவை எடுத்துப் பெட்டியிலிருந்த வரியை அடித்துவிட்டு, ‘இதைத் தின்றால் நன்றாகப் பசிக்கும்’ என்று எழுதினார். பழக்கதோஷத்தில் கை நட்சத்திரம் போடப் போனது. தடுத்துக்கொண்டார். மகள் முணுமுணுத்தபடியே ஒன்றைக் கடித்தாள். கால் மணி நேரம் கழித்து, “அம்மா, சாப்பிட என்ன இருக்கு?” என்று சமையலறைக்கு நடந்தாள்.

மறுநாள் அச்சுக்குப் போன லட்சம் பெட்டியிலும் அவரே நட்சத்திரத்தை ஏற்றினார். ஒருவருக்கும் ஒன்றும் குறையவில்லை, விற்பனையும்தான். அறுபத்தொன்பது பேரில் எவரும் தங்கள் எடையைத் திருப்பிக் கேட்டு வரவில்லை. இன்றைக்கும் அவர் லிஃப்டில் தனியாகத்தான் போகிறார். இடது தோள் மட்டும் மகள் சாப்பிடச் சாப்பிட, நாலு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது. கடைசிக் கால் கிலோ இறங்கிய அன்று அவர் அந்தத் தோளைத் தடவிப் பார்த்துவிட்டு, மகள் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார்.