குட்டியின் படிப்பில் ஓட்டை

என் தங்கைக்கு வீட்டில் குட்டி என்று பெயர். தண்ணீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் வேலை. நிரந்தர வேலை. குழாயில் தண்ணீர் வராதவர்களும், வந்த தண்ணீர் நாறுகிறது என்பவர்களும் காலையிலிருந்து மாலைவரை அவளைத் திட்டுவார்கள். "இதுல பாதிப் பேருக்குப் பிரச்சினை குழாய்ல இல்லண்ணா, வீட்டுல" என்று ஒருநாள் சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. திருமண, குடும்ப தெரபியில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்து இடமும் வாங்கிவிட்டாள். இரண்டு வருடம், வேறு ஊர், விடுதி வாசம். வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் சேர்கிறாளா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும்.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பல் மருத்துவமனையில் வருகிறவர்களை வரவேற்று உட்கார வைப்பது அம்மாவின் வேலை. வலியில் வருகிறவனிடம்கூட சிரித்துப் பேசுவாள். வீட்டுக்கு வந்தால் அந்தச் சிரிப்பைக் கழற்றி வைத்துவிடுவாள்.

"அடிச்சுக்கிற புருஷன் பொண்டாட்டி நடுவுல போய் உட்கார்றதுக்கு ஒரு பட்டமா?" என்றாள். பிறகு, "குட்டி, அவன்கிட்ட சொல்லு. அந்தப் படிப்புல என்ன ஓட்டைன்னு நல்லா பாக்கச் சொல்லு. அதுக்காவது உதவட்டும்."

அவன் என்பது நான்தான். அதே அறையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

குட்டி என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அம்மா சொல்றாங்க, என் படிப்புல நீ ஓட்டை கண்டுபிடிக்கணுமாம்."

"சரின்னு சொல்லு."

"சரிங்கிறான்மா."

எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கும். நான் ஒரு முதுநிலைப் படிப்பைப் பாதியில் விட்டவன். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. கற்றுக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் கற்றுக்கொள்ள முடியாது, வந்துவிட்டேன். மருந்துகள் வைக்கிற குளிர்சாதனக் கிடங்கில் இரவுப் பணிக்குச் சேர்ந்தேன், அன்றிலிருந்து குட்டிக்கு நான் ஆந்தை. அம்மா கோபித்துக்கொண்டு என்னோடு பேசுவதை நிறுத்தினாள். கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது, பழக்கம் தங்கிவிட்டது. மூன்று வருடமாக, குழம்பில் உப்பு குறைவு என்பதுகூட குட்டி வழியாகத்தான் போகும். யாருக்கும் இது குறையாகத் தெரியவில்லை. அப்பாவைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. அவர் வேறொரு குடும்பத்தில் நன்றாக இருக்கிறார்.

குட்டியும் என்னைத்தான் நம்பினாள். "படிச்சு முடிச்சவன் எல்லாத்தையும் நல்லா இருந்துச்சும்பான். நடுவுல ஓடிவந்தவனுக்குத்தான் எங்க ஒழுகும்னு தெரியும். நீ பாத்துச் சொல்லு ஆந்தை. நீ வேணாம்னா நான் போகல."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பார்த்தேன். தூக்கத்தில் கொஞ்சத்தை வெட்டிக்கொண்டு பகலில் தொலைபேசியோடு உட்கார்ந்தேன். கல்லூரிகள் தரும் வழவழப்பான புத்தகத்தில் எப்போதும் மரத்தடியில் நான்கு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதைத் தூக்கிப்போட்டேன். பாடம் நடத்துகிறவர்கள் இன்னமும் குடும்பங்களைப் பார்க்கிறார்களா, இல்லை, பார்த்த கதையை மட்டும் சொல்கிறார்களா என்று விசாரித்தேன். எல்லோரும் பார்க்கிறார்கள். மாணவர்களுக்கு நிஜமான தம்பதிகள் வருகிறார்களா, தனி ஆட்களை வைத்துப் பயிற்சிக் கணக்கை நிரப்புகிறார்களா? தம்பதிகளும் குடும்பங்களும் பாதிக்கு மேல். உரிமத் தேர்வில் பெரும்பாலானவர்கள் முதல் முறையே தேறுகிறார்கள். முதல் வருடம் புள்ளியியல் எடுப்பவர் தூங்க வைப்பார் என்று மூன்று பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். அது எல்லா ஊரிலும் உள்ளது.

எனக்கு முக்கியமான சாட்சி வேறு. அந்தப் படிப்பைப் பாதியில் விட்ட ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்தேன். இப்போது பூக்கடை வைத்திருக்கிறாள்.

"ஏங்க விட்டீங்க?"

"அடுத்தவங்க சண்டையைக் கேக்க எனக்குப் பொறுமை இல்லீங்க. பாதியிலேயே யாரு பக்கம் நியாயம்னு சொல்லிடுவேன். படிப்பு மேல தப்பில்ல."

விட்டவளே குறை சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லது எங்கேயும் இருக்காது. தப்பு நடக்கும்போது என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் ஓர் இடம் தெரியும். என் பழைய துறையில் தப்பு நடந்தால் கதவைச் சாத்திவிட்டுக் கூட்டம் போடுவார்கள்.

பார்க்க ஒரு வழி இருந்தது. சேர வருகிறவர்கள் விரும்பினால் தங்கள் குடும்பத்தை அழைத்துவரலாம். இரண்டாம் வருட மாணவர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவார். மற்ற மாணவர்களும் பேராசிரியையும், ஒரு பக்கம் மட்டும் தெரிகிற கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பார்கள். குட்டி கேட்டதும் நான் ஒப்புக்கொண்டேன். அம்மாவும் ஒப்புக்கொண்டதுதான் ஆச்சரியம். "அவன் பாத்துச் சொல்றதை எதுக்கு நம்பணும், நானே பாக்குறேன்" என்றாளாம்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் போனோம். அந்த அறையில் நான்கு நாற்காலிகள், ஒரு தாழ்ந்த மேசை, சுவரில் ஒரு தொலைபேசி, எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. மேசைமேல் கண் துடைக்கும் தாள் பெட்டி.

அம்மா பெட்டியைப் பார்த்தாள். "அழுவாங்கன்னு முன்னாலேயே முடிவு பண்ணிட்டாங்க."

பிறகு கண்ணாடியின் முன் போய் நின்று தலையைச் சரிசெய்தாள்.

"அம்மா, அதுக்குப் பின்னாடி ஆளுங்க இருக்காங்க" என்றாள் குட்டி.

"இருந்தா இருக்கட்டும். கண்ணாடி கண்ணாடிதானே."

மாணவி வந்தாள். குட்டியைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருப்பாள். பிடித்த இடத்தில் உட்காருங்கள் என்றாள். நாங்கள் யோசிக்காமல் உட்கார்ந்தோம். அம்மா ஓரத்தில், நான் மறு ஓரத்தில், நடுவில் குட்டி.

"குட்டி இங்க வந்து படிக்கிறதைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மாணவி அம்மாவைக் கேட்டாள்.

அம்மா குட்டியைப் பார்த்துச் சொன்னாள். "நிரந்தர வேலையை விடுறது முட்டாள்தனம்னு நினைக்கிறேன்."

"நீங்க?" என்று என்னைக் கேட்டாள்.

நானும் குட்டியைப் பார்த்துத்தான் சொன்னேன். "வேலை நிரந்தரம்தான். திட்டும் நிரந்தரம்."

"அவனுக்கு என்ன, விடுறது பழக்கம்னு சொல்லு" என்றாள் அம்மா.

"விடத் தெரியாதவங்களுக்கு அது பெரிசாத்தான் தெரியும்னு சொல்லு" என்றேன்.

குட்டி இருபக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மாணவி கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தாள். அவளுக்கும் வழி தெரிந்துவிட்டது போல. குட்டியின் பக்கம் சாய்ந்து, "உங்க அண்ணன் வேலையைப் பத்தி அம்மாவுக்கு என்ன வருத்தம்னு கேளுங்களேன்" என்றாள். குட்டி கேட்டாள். அம்மா குட்டியிடம் சொன்னாள். "அதுக்கு அண்ணன் என்ன சொல்றார்?" என்றாள் மாணவி, குட்டியிடமே. இப்போது மூன்று பேர் குட்டி வழியாகப் பேசிக்கொண்டிருந்தோம். வேலை மிகவும் சுலபமாக நடந்தது. குட்டியின் மேலுதட்டில் வியர்வை.

சுவரில் தொலைபேசி மணி அடித்தது. மாணவி எழுந்து எடுத்தாள். கேட்டாள். காது மடல் சிவந்தது. வைத்துவிட்டு ஒரு நிமிடம் அங்கேயே நின்றாள். எதையாவது சொல்லி மழுப்புவாள் என்று நான் காத்திருந்தேன். இதற்காகத்தானே வந்தேன்.

"எங்க பேராசிரியை சொல்றாங்க," என்றாள், "நானும் உங்க வீட்டு ஆளாயிட்டேனாம். வந்த கொஞ்ச நேரத்துல உங்க பழக்கம் எனக்கும் ஒட்டிக்கிச்சு. தப்புதான்." பிறகு குட்டியிடம், "நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து பாக்கிறீங்களா?"

"என்னம்மா இது!" என்றாள் அம்மா. "அவ இல்லாம நாங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசுறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்குத் தான் சொன்னது அப்புறம்தான் காதில் விழுந்தது. குட்டி எழுந்து போனாள். போகும்போது ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

காலி நாற்காலியை மாணவி நகர்த்தி ஓரமாக வைத்தாள். தன் நாற்காலியையும் சுவரோரம் இழுத்துக்கொண்டாள்.

"ஏம்மா, அவன்கிட்ட கேளு..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"நான் கொஞ்ச நேரம் சும்மா இருக்கேன்மா" என்றாள் மாணவி.

அம்மா கைப்பையைத் திறந்து மூடினாள். கண்ணாடியைப் பார்த்தாள். அதில் நானும் இருந்தேன். வேறு வழியில்லாமல் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அந்தப் படிப்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"ஓட்டை?"

"புள்ளியியல் வாத்தியார் தூங்க வைக்கிறாராம்."

"பெரிய ஓட்டை?"

"இல்ல. தேடிப் பாத்துட்டேன். இப்ப இந்தப் பொண்ணு தப்பு பண்ணிச்சு, பண்ணினேன்னு சொல்லிச்சு. நான் படிச்ச இடத்துல ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்ல."

"பொய் சொல்றியா?"

"பொய் சொல்றதா இருந்தா நேர்ல சொல்வேனா? குட்டிகிட்ட சொல்லி அனுப்பியிருப்பேன்."

அம்மா அதை ஒத்துக்கொண்டதுபோலத் தலையை ஆட்டினாள். "அவ போயிட்டா வீட்டுல நாம ரெண்டு பேருதான்."

"ஆமா."

"எனக்கு அது பிடிக்கல."

"எனக்கும்தான்."

மாணவி குறுக்கிடவில்லை. அது நல்ல வேலை. அந்த இடத்தில் யாராவது இனிமையாக ஏதாவது சொல்லியிருந்தால் நான் எழுந்து போயிருப்பேன்.

"நீ வரும்போது நான் கிளம்புறேன், நான் வரும்போது நீ கிளம்புற. எப்பப் பேசுறது?" என்றாள் அம்மா.

"என்ன பேசணும்?"

"இப்ப என்னடா பேசிட்டோம்? அந்த மாதிரி ஏதாவது."

"காலையில நீ கொஞ்சம் மெதுவா கிளம்பு."

"நீ கொஞ்சம் சீக்கிரம் வா. அந்தக் கிடங்கு என்ன, நீ பாக்கலன்னா உருகி ஓடிடுமா?"

"ஓடிடும். மருந்துக் கிடங்கும்மா."

"சரி, அப்ப நான்தான் மெதுவா கிளம்பணும்."

சிகிச்சை என்று பார்த்தால் இவ்வளவுதான் நடந்தது. நேரம் முடிந்ததும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவர்கள் எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அங்கே ஒரு முறை உண்டு. குடும்பத்தைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது, பேசுவதைக் குடும்பத்தின் முன்னாலேயே பேச வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பையன் தயங்கித் தயங்கி, "அண்ணன் முகத்துல ஆழமான சோகம் ஒண்ணு இருக்கிற மாதிரி எனக்குத் தோணிச்சு" என்றான்.

"அவன் மூஞ்சியே அப்படித்தான் தம்பி" என்றாள் அம்மா. "பிறந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு. நர்ஸே பயந்துட்டா."

பேராசிரியை முதலில் சிரித்தார். தொண்டை கட்டிய, கரகரப்பான சிரிப்பு. அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை. தகவல் சரிதான்.

குட்டி மட்டும் சிரிக்கவில்லை. மாணவியைப் பார்த்து, "எங்க முன்னாலேயே உங்க தப்பைச் சொல்ல வெச்சாங்களே, அசிங்கமா இல்லையா?" என்று கேட்டாள். புகார்ப் பிரிவில் கேட்டுப் பழகிய, அலங்காரம் இல்லாத குரல்.

"அசிங்கமாத்தான் இருந்துச்சு" என்றாள் மாணவி. "போன மாசம் இதைவிட மோசம், வெளியே போய் அழுதேன். ஆனா அறையை விட்டு என்னை எழுப்பல. தப்பு பண்ணின நாற்காலியிலேயே உட்கார்ந்து சரிபண்ண விட்டாங்க."

குட்டி பேராசிரியையைப் பார்த்தாள். அவர் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. நான் அவருக்கு மனதுக்குள் இன்னொரு மதிப்பெண் போட்டேன்.

நான் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் குட்டி கேட்பாள், நான் சொல்வேன் என்று இருந்தேன். தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தவள் திடீரென்று அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். மேசைக்குப் பின்னாலிருந்த ஆளிடம் ஏதோ சொன்னாள். அவர் எழுந்து கைகொடுத்தார். வெளியே வந்தாள்.

"சேர்ந்துட்டேன்" என்றாள். "திங்கட்கிழமை ஆபீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன்." எங்கள் முகத்தைப் பார்க்க நிற்கவில்லை, படியிறங்கிவிட்டாள்.

"பாத்தியா?" என்றாள் அம்மா, என் கையைத் தட்டி. "என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?"

"என்னையும்தான் கேக்கல. நான் வேணாம்னா போகமாட்டேன்னு சொன்னவ."

"அதை நம்பினியா நீ? என் பொண்ணு அவ."

ரயிலில் குட்டி ஜன்னலோரம், எங்களுக்கு முன் வரிசையில் தனியாக உட்கார்ந்தாள். நானும் அம்மாவும் பின்னால். வண்டி நகர்ந்ததும் நான் சொன்னேன், "அவ ரூமை நான் எடுத்துக்கிறேன். அங்கதான் பகல்ல வெயில் வராது."

"அதெல்லாம் முடியாது. அதுல நான் தையல் மிஷினைப் போடப்போறேன்."

"மிஷினுக்கு எதுக்கு இருட்டு?"

"உனக்கு எதுக்கு ரெண்டு ஜன்னல்?"

"ரெண்டையும் அடைச்சிடுவேன்."

"என் வீட்டு ஜன்னலை அடைக்க நீ யாருடா?"

குட்டி இருக்கைக்கு மேலே தலையை நீட்டினாள். "நான் இன்னும் வீட்டை விட்டுப் போகவே இல்ல!"

"நீ சும்மா இரு" என்றோம் இருவரும்.