பரண் இறங்கிய கதை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர ஓர் இடம். ஓய்வு பெற்றதிலிருந்து நான் கேட்டது இது ஒன்றுதான். வல்லத்தில் சொந்த வீடு இருந்தும் அது கிடைக்கவில்லை. ஒரே படுக்கையறையில், நைட் ஷிப்ட் முடித்து வந்த மகன் ஹேமந்த் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவான். ஹாலில் என் மனைவி உமாதேவியின் சீரியல். அதில் வரும் மாமியார் அழுதால் மறைமலை நகரில் ஜன்னலைச் சாத்துவார்கள்.

மிச்சம் இருந்தது சமையலறைக்கு மேலே இருக்கும் பரண்.

"அது பொருள் வெக்கிற எடங்க. நீங்க இன்னா பொருளா?" என்றாள் உமா.

"இந்த வூட்ல எனக்கு வேற இன்னா மரியாத கீது? ஏத்தி வெச்சிடு."

காலி செய்தேன். அவள் கல்யாண அண்டா இறங்கியது. அதில் தெருப்பிள்ளைகள் நீச்சல் பழகலாம். டிரங்குப் பெட்டி, ஹேமந்தின் தொட்டில், கடைசியாக ஒரு ரேடியோ. தரையில் பட்டதும் அது என்றோ பாதியில் விட்ட செய்தியை வாசித்து முடித்துவிட்டு அடங்கியது. சாமான் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட, வீட்டு புரோக்கர் புருஷோத்தமன் ஓர் ஆளையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"எப்ப சார் காலி பண்றீங்க? பார்ட்டி ரெடியா கீது."

பார்ட்டியை அண்டா நிழலில் உட்கார வைத்து, மோர் கொடுத்து அனுப்பினோம்.

ஒரகடம் பழைய மரக்கடையில், கார் பாகங்கள் வந்து இறங்கிய பேக்கிங் கட்டைகளை வாங்கி வந்தேன். ஏறப் படி, காலில்லாத கட்டில், தலைமாட்டில் ஒரு அலமாரி, சின்ன ஃபேன். பலகைக்குப் பலகை குடைப் படமும் கண்ணாடி டம்ளர் படமும் அச்சாகியிருந்தன. என்னை நனைக்கவும் கூடாது, உடைக்கவும் கூடாது என்று அர்த்தம். வீட்டில் யாரும் அதைப் படிக்கவில்லை.

முதல் நாள் அப்படி ஒரு தூக்கம். கனவுகூட, தலை இடிக்குமே என்று குனிந்துதான் வந்தது.

சாயங்காலம் ஹேமந்த் எழுந்து வந்து அண்ணாந்து பார்த்தான். அவன் லைன் சூப்பர்வைசர். கம்பெனியில் எதற்கும் பெயர்ச்சீட்டு ஒட்டுவார்கள். இவன் வீட்டு உப்பு ஜாடியையும் விட்டதில்லை. பரணுக்கும் 'பரண்' என்று ஒட்டினான்.

"சூப்பரா கீது நைனா. நாளைக்கி ஒரு ட்ரையல் பாத்துட்றேன்."

மறுநாள் ட்ரையலுக்கு ஏறியவன் கம்பெனி பஸ் ஹாரன் அடித்த பிறகே இறங்கினான். அதற்கடுத்த நாள் கூடவே அருள்பாண்டியும் ஏறினான். அவனும் அதே லைன், திருநெல்வேலிக்காரன்.

"லாட்ஜ்ல ஒரே புழுக்கம் அய்யா. இங்க காத்து நல்லா வருதுல்லா?"

வரும். ஃபேன் நான் வாங்கியது.

சரி, போகட்டும். படுக்கையறை காலிதானே? தலையணையை இடுக்கிக்கொண்டு உள்ளே போனேன். கட்டிலின் மேல் அண்டா. அண்டாவைச் சுற்றி டிரங்குப் பெட்டி, தொட்டில், ரேடியோ.

"இது படுக்கிற ரூமுடி!"

"படுக்கத்தான் அல்லாரும் மேல போய்ட்டீங்களே. எடம் சும்மா கெடந்துச்சு, வெச்சேன்."

மகனிடம் நியாயம் கேட்டேன். அவன் பரணைப் பார்த்தான், படுக்கையறையைப் பார்த்தான், யோசித்தான்.

"கரெக்டு நைனா. லேபிள்தான் தப்பு."

மேலே இருந்த 'பரண்' சீட்டை உரித்துப் படுக்கையறைக் கதவில் ஒட்டினான்.

அதற்குமேல் யாரோடு வாதாடுவது? தலையணையோடு அண்டாவுக்குள் இறங்கினேன். வட்டமாக முடங்கினால் இடம் போதும். பித்தளை, மதியத்துக்குக் குளிர்ச்சியும்கூட. கண் சொக்கும் நேரம் பார்த்துப் புருஷோத்தமன் குரல் கேட்டது.

"ஜெகநாதன் சார் இல்லியா?"

"பரண்ல கீறாரு" என்றாள் உமா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் சமையலறைக்குப் போய், மேலே பார்த்து, "சார்! சார்!" என்று கத்தினார்.

"இங்க கீறேன்யா!" என்றேன். அண்டாவுக்குள்ளிருந்து சொன்ன வார்த்தை கோயில் மணி மாதிரி வீடு முழுக்க அதிர்ந்தது.

பரணிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"நைனா, கொஞ்சமாச்சும் அறிவு வாணாமா? மனுசன் தூங்குற நேரம்!"