இரண்டாம் சாட்சியின் வாக்குமூலம்

கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற வேலை அவளுக்கு. இருபது வருஷமாக அதே இருட்டறை, அதே எழுத்துப் பலகை. "இது தெளிவா இருக்கா, இல்ல முன்னாடி வெச்சது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டே நாக்குத் தேய்ந்துபோனவள். வீட்டில் வைத்த செல்லப்பெயர் எப்படியோ கடை வரைக்கும் வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதிலும் எல்லாருக்கும் அவள் பாப்பாதான்.

ஒரு நாள் காலையில் வந்த பெரியவரிடம் அட்டையில் எழுத விலாசம் கேட்டாள். அவர் சொன்ன தெருப்பெயரைக் கேட்டதும் பேனா நின்றது.

"அந்தத் தெருவிலதாங்க நானும் பிறந்தேன். அச்சகத்துக்கு மேல் மாடி."

பெரியவர் சோதனைக் கருவியின் முகவாய் தாங்கியிலிருந்து தலையை எடுத்துவிட்டார். "அச்சகத்து மாடியா? அப்படின்னா நீங்க... சாட்சிக்காரம்மா பொண்ணா?"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு நாலு வயதாகும்போது அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். இருந்தது ஒரே ஒரு புகைப்படம். அதிலும் அம்மா எதையோ சொல்ல வாயெடுத்தவள் மாதிரி, பாதி திறந்த உதடுகளோடு நிற்பாள். என்ன சொல்ல வந்தாள், எப்படிச் சொல்வாள், குரல் கனமா மெல்லிசா என்று எதுவுமே பாப்பாவுக்குத் தெரியாது. அப்பா இருந்தவரை வாயைத் திறக்கவில்லை. ஆறு வயது மூத்தவனான அண்ணனைக் கேட்டால், "எனக்கு மட்டும் என்ன ஞாபகம் இருக்குது?" என்று பேச்சை மாற்றிவிடுவான்.

பெரியவர் சொன்னார். அப்போது அவருக்கு இருபத்துநாலு வயது. அச்சகத்துக்கு எதிரே ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. ஒரு நாள் முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் யாரோ பின்கதவுப் பூட்டை உடைத்து இரண்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பழி இவர் தலையில் விழுந்தது. ஸ்டேஷன், வழக்கு, கோர்ட் என்று எட்டு மாதம் அலைந்தார்.

"உங்கம்மா தானா வந்து சாட்சி சொன்னாங்க. இல்லேன்னா நான் உள்ளே போயிருப்பேன். அவங்க பேசினதைக் கேட்டு ஜட்ஜே சிரிச்சிட்டாரும்மா."

"என்ன பேசினாங்க?"

பெரியவர் யோசித்தார். உதட்டைப் பிதுக்கினார். "எனக்கு அன்னைக்குப் பயத்துல காது அடைச்சுப்போச்சு. ஆனா பக்கத்துல ஒரு ஆள் உட்கார்ந்து எல்லாத்தையும் டக்கு டக்குன்னு டைப் அடிச்சுக்கிட்டே இருந்தாரு."

அன்றைக்கு அவள் நாலு பேருக்கு நம்பர் எழுதினாள். நாலையும் இரண்டு தடவை சரிபார்க்க வேண்டியிருந்தது. எங்கேயோ ஒரு தாளில் அம்மா பேசியது அப்படியே இருக்கிறது. அது தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது?

மறுநாள் லீவு போட்டுவிட்டு முதலில் ஸ்டேஷனுக்குப் போனாள். மேசையிலிருந்த காவலருக்கு அவள் மகன் வயதுகூட இருக்காது. நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முந்திய திருட்டு என்றதும், "ரேடியோ இப்ப கிடைச்சிருக்காம்மா?" என்று அப்பாவியாகக் கேட்டார். பிறகு மனசு இரங்கி, பீரோவுக்கு மேலிருந்து பழைய பதிவேட்டை இறக்கித் தூசி தட்டினார். பக்கங்கள் அப்பளமாக நொறுங்கின. ஒரு மணி நேரத்துக்கு மேல் தேடினதில் ஒரே ஒரு வரி அகப்பட்டது: குற்ற எண், தேதி, 'வானொலிப் பெட்டி இரண்டு'.

"எங்ககிட்ட இவ்வளவுதான். விசாரணை நடந்தது எல்லாம் கோர்ட்ல. இந்த நம்பரைச் சொன்னா அங்கே தேடுவாங்க."

கோர்ட்டின் பதிவறை, படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. கூரை வரைக்கும் துணியில் கட்டிய மூட்டைகள். அவற்றுக்கு நடுவில், ஒரு மூக்குக் கண்ணாடியும் அதற்குப் பின்னால் ஓர் எழுத்தரும். கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து நூலால் கட்டியிருந்தது. அவளுக்குக் கை பரபரத்தது. அடக்கிக்கொண்டாள்.

"விடுதலையான சின்னக் கேஸா? அந்தக் கட்டையெல்லாம் வருஷம் பார்த்து அழிச்சிடுவோமேம்மா" என்றார் எழுத்தர்.

அவள் முகம் விழுந்ததைப் பார்த்துவிட்டு, "இருங்க, பார்த்துட்டுத்தான் சொல்லணும்" என்று ஏணியை எடுத்தார். அன்று கிடைக்கவில்லை. மூன்றாவது முறை போனபோதுதான் சிரித்துக்கொண்டே வந்தார். யாரோ ஒரு புண்ணியவான் அதை ஒரு நிலத்தகராறுக் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டாராம். அந்தத் தகராறு இருபது வருஷம் இழுத்ததில் இதுவும் பிழைத்துக்கொண்டது.

"நல்ல வேளையா அன்னைக்கே ஒருத்தர் வேலையில தப்புப் பண்ணியிருக்கார்" என்றார்.

நகல் மனுவில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அவள் வெகுநேரம் யோசித்து, 'என் அம்மா பேசியதைப் படிக்க வேண்டும்' என்று எழுதினாள். பத்து நாள் கழித்து மனு திரும்பி வந்தது. 'மனுதாரர் வழக்கில் சம்பந்தப்பட்டவர் அல்லர். காரணம் போதுமானதன்று.'

அதைப் படித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லையா?

அதோடு பதிவறைக்குப் போனபோது எழுத்தர் மெதுவாகச் சொன்னார். "நீங்க கேட்டா உறுதிமொழி, அனுமதின்னு பல மாசம் இழுக்கும். வழக்குல இருந்தவங்களே கேட்டா காரணமே வேண்டாம். அந்த ஆள் உயிரோட இருக்காரா?"

கண்ணாடி வாங்க வந்த பெரியவரிடம் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கடைசியில் மென்று முழுங்கிச் சொன்னாள். அவர் முகம் கறுத்தது. அந்த எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் கோர்ட் இருக்கிற தெருப்பக்கமே போனதில்லையாம். பஸ் அந்த வழியாகப் போனால்கூட ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிச் சுற்றிக்கொண்டு நடப்பாராம்.

"வேண்டாங்க. நான் வேற வழி பார்க்கிறேன்" என்றாள்.

"அந்தம்மாவுக்கு என்னம்மா தலையெழுத்து? கைப்பிள்ளையை வெச்சுக்கிட்டு எனக்காக அந்தப் படியேறினாங்க. நான் ஒரு கையெழுத்துப் போடக்கூடாதா?"

அடுத்த திங்கட்கிழமை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். வாசலில் கால் தயங்கியது. அவள் கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டு ஏறினார். மனுவில், 'வழக்கில் தங்கள் நிலை' என்ற இடத்தில் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று எழுதிவிட்டு அந்த வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் அதைக் கவனித்துவிட்டுத் தன் பேனாவால், 'விடுவிக்கப்பட்டார்' என்று பக்கத்தில் சேர்த்தார்.

ஒரு வாரத்தில் நகல் வந்தது. மூன்றே மூன்று தாள். வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் படித்தாள்.

'நான் இரண்டாம் சாட்சி. அச்சகத்தின் மாடியில் குடியிருக்கிறேன்' என்று தட்டச்சுக்காரரின் நடையில்தான் தொடங்கியது. பத்து வரிக்குள் அவர் தோற்றுவிட்டார். அதற்குப் பிறகு அம்மாதான்.

'எனக்கு அவர் பேர் தெரியாது. எங்க ஜன்னலுக்குக் கீழே படிக்கட்டில் படுத்திருந்தார். முகத்தில் பேப்பர். ஆனால் செருப்பு தெரிந்தது. ஒரு வார் நீலம், ஒரு வார் கறுப்பு. ஊரில் அந்த மாதிரிச் செருப்பு வேறு யார் போடுவார்கள்? அவர் விட்ட குறட்டையில் என் பிள்ளை முழித்துவிடும்போல இருந்தது. ஒரு செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றலாமா என்றுகூட நினைத்தேன்.'

'ஏன் ஊற்றவில்லை?' என்று அரசு வழக்கறிஞர் கேட்டிருக்கிறார்.

'பாவம், களைத்த மனுஷன்.'

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் நீர் தளும்பியது. "அந்தச் செருப்பு... ஆமாம்மா, வார் அறுந்து நானே மாத்தினது."

அவள் தொடர்ந்தாள். சாட்சி அந்த நேரம் முழுக்க ஜன்னலில்தான் நின்றாரா என்று வழக்கறிஞர் மடக்கியிருக்கிறார். 'நிற்கவில்லை. நடந்துகொண்டிருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல். தோளில் போட்டு நடந்தால்தான் தூங்கும், நின்றால் அழும்.' நடந்துகொண்டிருந்தால் குற்றம் சாட்டப்பட்டவரைத் தொடர்ந்து பார்த்திருக்க முடியாதே என்கிறார் அவர். 'ஐயா, எங்க வீட்டில் ஜன்னலிலிருந்து சுவர் ஆறடி. போய்த் திரும்பினால் மறுபடி ஜன்னல். அதற்குள் இவர் எழுந்துபோய்ப் பூட்டை உடைத்து ரேடியோவைத் தூக்கி எங்கேயோ வைத்துவிட்டு வந்து குறட்டை விடுவாரா? வேண்டுமானால் நடந்து காட்டுகிறேன், எண்ணிக்கொள்ளுங்கள்.'

அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி: 'சாட்சி தோளில் பெண் குழந்தையுடன் நீதிமன்றத்தில் ஆறடி நடந்து திரும்பிக் காட்டினார்.'

பாப்பா அந்த வரியைத் தாண்டவில்லை. தாள் கையில் இருந்தது. வராந்தாவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தோளில் கிடந்த அந்தப் பெண் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில்தானே அவ்வளவு பேச்சும் நடந்திருக்கிறது என்று நினைத்தாள்.

"குரல் எப்படி இருந்துச்சுங்க?"

இந்தத் தடவை பெரியவர் உதட்டைப் பிதுக்கவில்லை. "கொஞ்சம் கம்மின குரல்" என்றார். "பாவம், களைச்ச மனுஷன்னு சொன்னாங்களே, அதை இழுத்துச் சொன்னாங்க. பா...வம்னு. இப்பத்தான்மா ஞாபகம் வருது." இன்னொரு முறை சொல்லிக் காட்டினார். அவள் இன்னொரு முறை கேட்டாள். சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நகலை அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். அவனிடம் நீட்டினாள். அவன் நின்றபடியே படிக்க ஆரம்பித்தான். இரண்டாம் தாளில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். முடித்ததும் தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தான்.

"என்னை அவங்க பெரிய மனுஷான்னுதான் கூப்பிடுவாங்க" என்றான் திடீரென்று. "பெரிய மனுஷா, ஸ்கூலுக்கு நேரமாச்சு. பெரிய மனுஷா, பல்லு விளக்கியாச்சா..." தாளை மறுபடி நீவினான். "சொன்னா அதுவும் தேஞ்சு போயிடுமோன்னு பயம் பாப்பா. அதான் யார்கிட்டயும் சொல்லல."

அவள் ஒரு நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணி கொண்டுவந்து வைத்த டீ ஆடை கட்டிப்போனது. அவன், அம்மா கோபித்துக்கொண்டதைச் சொன்னான், கணக்குப் பாடத்தில் அவளே தப்பாகச் சொல்லிக்கொடுத்து இரண்டு பேரும் டீச்சரிடம் மாட்டியதைச் சொன்னான், மழையில் குடை திரும்பிக்கொண்டதற்கு நடுத்தெருவில் நின்று அவள் சிரித்த சிரிப்பைச் சொன்னான். பொழுது சாய்கிறவரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தான்.