நான்காவது மூலை

வீட்டுக் கூடத்தில் வைத்திருந்த சவப்பெட்டிக்குள் குனிந்து அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள் மகள். அவர் உயிரோடு இருந்தபோதே சொன்ன பேச்சுக் கேட்காத காலர். இப்போது மட்டும் கேட்குமா?

பின்னால் போதகர் தொண்டையைச் செருமினார். "ஆறுதல் ஜெபம் பண்றேம்மா. வெற்றிப் பாட்டு மட்டும் வேண்டாம். அது ரட்சிக்கப்பட்டவங்களுக்கு."

அப்பா குழாய் ரிப்பேர்க்காரர், ஞானஸ்நானம் வாங்காதவர். ஞாயிறுதோறும் அம்மாவை சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். ஞானஸ்நானத் தொட்டி ஒழுகினால்தான் உள்ளே வருவார். "உங்க எல்லாரையும்விட நான்தான் அதுல அதிகமா இறங்கியிருக்கேன்" என்று பீற்றிக்கொள்வார். அந்தப் பாட்டு இல்லாமல் அனுப்பினால், இனி அவரைப் பரலோகத்திலும் பார்க்கவே முடியாது என்று சபையே அம்மாவிடம் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"ஏன் ஐயா, அவர் எங்க போய்ச் சேர்ந்தார்னு உங்களுக்குத் தகவல் வந்துச்சா?" அம்மா நாற்காலியிலிருந்து அசையவில்லை.

"இயேசுவைத் தவிர வேற வழியில்லம்மா."

"இல்லேன்னு நான் சொன்னேனா? இயேசு பக்கத்துல சிலுவையில தொங்கின கள்ளன் பரதீசுக்குப் போனானே, அவனுக்கு யாரு ஞானஸ்நானம் குடுத்தா?"

"அவன் வாயைத் திறந்து கேட்டான். இவர் கேக்கலியே."

தூக்குவதற்காக வந்திருந்த அப்பாவின் கூட்டாளிகள் மூவரும் பெட்டியருகே ஆளுக்கொரு மூலையில் போய் நின்றார்கள்.

"கைகால் விழுந்து கிடந்த திமிர்வாதக்காரன் கேட்டானா?" அம்மா எழுந்துவிட்டாள். "நாலு பேரு படுக்கையோட தூக்கிட்டு வந்து, கூரையைப் பிரிச்சு இயேசு முன்னால இறக்கினாங்க. ஆண்டவர் அவங்க விசுவாசத்தைப் பார்த்துதானே அவனை மன்னிச்சார்? இந்த மனுஷனுக்காக நான் கேக்காத நாளே இல்ல. எந்தக் கூரைன்னு காட்டுங்க, பிரிக்கிறேன்."

போதகர் அங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, பெட்டியின் ஆளில்லாத நான்காவது மூலைக்குப் போய் நின்றார்.

"உபதேசத்தை நான் மாத்தலம்மா."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். தோளைக் குடுங்க."

பெட்டியை மூடித் தூக்கினார்கள். போதகர் குள்ளம், பெட்டி அவர் பக்கமாகச் சாய்ந்தது.

"ஐயா, ஏத்திப் பிடிங்க! உள்ள இருக்கறவர் சிரிக்கப்போறார்" என்றார் ஒரு கூட்டாளி.

அம்மா யாரையும் கேட்காமல் அந்தப் பாட்டை எடுத்தாள், உச்சத்தில். இரண்டாவது வரியில், பெட்டியின் நான்காவது மூலைக்கு அடியிலிருந்து, மூச்சிரைக்க, சுருதி தப்பி இன்னொரு குரல் சேர்ந்தது.

மகள் முன்னால் ஓடி, எப்போதும் தாழிட்டே கிடக்கும் வாசலின் இரண்டாவது கதவையும் திறந்து பிடித்துக்கொண்டாள்.