ஊசி முனையில் காற்று

பொன்செல்வி அந்த அறிக்கையைத் திங்கட்கிழமை அனுப்பினாள். அவள் வேலை பார்த்த சென்னை நிறுவனம், மருந்தைத் தோல் வழியே செலுத்தும் சின்ன ஒட்டுப்பட்டை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தது. நகத்தளவு பட்டையில் இருநூறு ஊசிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ரப்பர் அச்சிலுள்ள குழிகளில் மருந்துக் கரைசலை ஊற்றி, காய்ந்ததும் உரித்தெடுக்க வேண்டும். குழிக்குள் கரைசல் எப்படி இறங்கும் என்பதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் அவள் வேலை. அதைச் சங்கரன்கோவில் வீட்டு மாடியறையில் இருந்தபடியே செய்தாள்.

கணக்கு சொன்ன முடிவு இது: கரைசல் இறங்கும்போது குழியின் அடிநுனியில் காற்று மாட்டிக்கொள்கிறது. ஊசிகள் முனையில்லாமல் மொட்டையாகத்தான் வரும். இந்த அச்சு உதவாது.

மறுநாள் காலையிலேயே நிறுவனத்தில் அச்சில் கரைசல் ஊற்றும் அப்துல்லா போனில் கூப்பிட்டார். புளியங்குடிக்காரர். இருபது வருடமாகச் சென்னையில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

"ஏம்மா, ஊசி மொட்டையா வரும்னு எழுதியிருக்க. இங்கன இருநூறும் முள்ளு கணக்கா நிக்கி. படம் அனுப்புதேன், நீயே பாரு."

படத்தைப் பார்த்ததும் அவள் முகம் சூடானது. ஒவ்வொரு முனையும் அவ்வளவு கூர்மை.

இரண்டு நாள் கணக்கைப் பிரித்து மேய்ந்தாள். கரைசலின் பிசுபிசுப்பு, அச்சின் மேல் அது ஒட்டும் தன்மை என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். தப்பே கிடைக்கவில்லை. வியாழக்கிழமை அவரையே கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க செய்யுதத முதல்ல இருந்து சொல்லுங்களேன்."

"என்னத்தச் சொல்ல? ஊத்துவேன். மூடி வச்சிட்டு டீ குடிக்கப் போவேன். வந்து பாத்தா ரொம்பியிருக்கும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"போக வர அரைமணி."

"ஊத்துன உடனே பாத்திருக்கீங்களா?"

"உடனே யாரு பாப்பாக?"

"இன்னைக்கு ஒருநாள் டீயை விட்டுட்டுப் பாருங்க அண்ணே."

அவர் சிரித்தார். ஆனால் செய்தார். நுண்ணோக்கியில் எடுத்த முதல் படம் பதினொன்று பத்துக்கு வந்தது. குழியின் நுனியில் வட்டமாக ஒரு குமிழ். அவள் கணினித் திரையில் இருந்த அதே குமிழ், அதே அளவு.

"ஏ அம்மா, நீ சொன்ன மொட்டை இந்தா இருக்கு!" என்றார் அப்துல்லா.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் வந்தது. குமிழ் சிறுத்துக்கொண்டே போனது. இருபதாவது நிமிடம் ஒன்றுமே இல்லை.

"காத்து எங்கண்ணே போச்சு? மேல கரைசல், சுத்தி அச்சு. வழியே இல்லையே."

"ரப்பர்தானம்மா. பஞ்சர் ஆகாமலே சைக்கிள் டியூப்ல காத்து இறங்குதுல்லா? அது கணக்கா இருக்கும்."

பொன்செல்வி கணினிப் பக்கம் திரும்பினாள். அவள் கணக்கில் அச்சின் சுவர் இரும்பைப்போலக் காற்றுப் புகாததாக இருந்தது. அவ்வளவுதான் பிழை. ரப்பருக்குள் காற்று மெல்லக் கசிவதைச் சேர்த்து மறுபடி ஓட விட்டாள். பதினெட்டு நிமிடத்தில் குமிழ் மறைந்தது.

சாப்பாட்டுக்கு வந்த கணவன் இசக்கித்துரை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "என்னட்டி, ஒரே சிரிப்பா இருக்கு? சரியா வந்துட்டா?"

"இல்ல, நான் எழுதுனது தப்பு. எங்கன தப்புன்னு கண்டுபிடிச்சாச்சு."

"அதுக்கா இந்தச் சிரிப்பு?" என்றபடி தட்டை எடுத்து வைத்தான்.

பழைய அறிக்கை தவறு என்று அன்று சாயங்காலமே எழுதி அனுப்பினாள். காரணத்தைக் கண்டு சொன்னவர் அப்துல்லா என்பதையும் எழுதினாள். அத்தோடு நிற்கவில்லை. கரைசலை ஊற்றும் முன்பே அச்சைக் காற்றில்லாத பெட்டிக்குள் வைத்தெடுத்தால், காய்ந்த மண் தண்ணீரை இழுப்பதுபோல ரப்பரே குமிழை இழுத்துக்கொள்ளுமா? கணக்கு நான்கு நிமிடம் என்றது.

வெள்ளிக்கிழமை மதியம் அப்துல்லா செய்து பார்த்தார்.

"அஞ்சு நிமிசம்மா. உன் கணக்குக்கு ஒரு நிமிசம் கூடுதலு."

"அந்த ஒரு நிமிசத்தையும் தேடுதேன் அண்ணே."

"மெதுவாத் தேடு. திங்கக்கிழமை சின்ன அச்சு ஒண்ணு வருது. இதுல பாதிகூட இருக்காது. ஊத்துததுக்கு முன்னால உன்னயக் கேட்டுட்டுத்தான் ஊத்துவேன்."

வெளியே தூறல் போட ஆரம்பித்திருந்தது. கொடியில் கிடந்த துணிகளை அள்ள அவள் மொட்டைமாடிக்கு ஓடினாள். எல்லாவற்றையும் தோளில் போட்டுக்கொண்ட பிறகும், சற்று நேரம் நனைந்துகொண்டே நின்றாள்.